குறுக்கெழுத்தில் ‘அபௌட்’ வந்தால் எப்படி யோசிப்பது?

ஆங்கில நாளிதழில் வரும் கிரிப்டிக் குறுக்கெழுத்தைப் போடப் பழகிக்கொண்டிருக்கும் ஒருவருடைய கேள்வி இது. ‘அபௌட்’ என்ற சொல் அவரைத் திரும்பத் திரும்பத் தடுக்கிவிடுகிறது. ஒரு நாள் அது ஆர்-ஈ என்று இரண்டு எழுத்தைத் தருகிறது. மறுநாள் வெறும் சி. அடுத்த நாள் ஒரு சொல்லையே பின்னாலிருந்து படிக்கச் சொல்கிறது. எப்போது எதை எடுத்துக்கொள்வது, இதற்கு விதி ஏதாவது உண்டா என்று கேட்கிறார்.

விதி உண்டு. ‘அபௌட்’ க்ளூவில், அதாவது புதிர்க் குறிப்பில், எந்த இடத்தில் நிற்கிறது, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்த்தால் பாதிக்கு மேல் தெளிந்துவிடும். அகராதிப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு முட்டினால் திறக்காது. நல்ல செட்டர்கள், அதாவது புதிர் அமைப்பவர்கள், இந்தச் சொல்லை இவ்வளவு விரும்புவதற்குக் காரணமும் அதுதான். படிக்கும்போது சாதாரண வாக்கியத்தில் கரைந்துவிடுகிறது, ஆனால் உள்ளே ஆறேழு வேலை செய்யத் தயாராக நிற்கிறது.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரிப்டிக் க்ளூவின் ஒரு முனையில், தொடக்கத்திலோ கடைசியிலோ, விடையின் நேரடிப் பொருள் இருக்கும். மீதிச் சொற்கள் அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழியைச் சொல்லும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பது. முழு வாக்கியமாகப் படித்தால் வரும் அர்த்தத்தை ‘சர்ஃபேஸ்’ என்பார்கள். அது நம்மை வேறு பக்கம் அழைத்துப் போவதற்காக எழுதப்பட்டது. கமா, முற்றுப்புள்ளியை எல்லாம் பெரும்பாலும் மறந்துவிடலாம். கீழே வரும் க்ளூக்கள் எல்லாம் இந்தப் பதிலுக்காக நானே எழுதியவை.

சரி, இப்போது ‘அபௌட்’.

அதிகம் பார்க்கக்கூடியது, அது ஓரிரு எழுத்தாக மாறும் வேலை. ஆர்-ஈ என்ற ‘ரீ’ எங்கிருந்து வந்தது என்றால், லத்தீனில் ‘ரேஸ்’ என்றால் விஷயம், பொருள். ‘ரே’ என்ற வடிவத்துக்கு ‘அந்த விஷயத்தில்’ என்று அர்த்தம். வக்கீல் கடிதங்களின் தலைப்பில் இன்னமும் இருக்கிறது. மின்னஞ்சலில் பதில் போட்டால் பொருள் வரிக்கு முன்னால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் ‘ரீ:’யும் இந்தச் சொல்தான். ஆகவே ‘இன்னதைப் பற்றி’ என்ற அர்த்தத்தில் ‘அபௌட்’ வந்தால் ஆர்-ஈ.

“ரெஸ்பாண்ட் அபௌட் பெர்ஃபார்மன்ஸ் (5)” என்று ஒரு க்ளூ. நிகழ்ச்சியைப் பற்றிக் கருத்து சொல்லுங்கள் என்பதுபோல் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ‘ரெஸ்பாண்ட்’ என்பது நேரடிப் பொருள். ‘அபௌட்’ ஆர்-ஈ. ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பதற்கு ‘ஆக்ட்’. சேர்த்தால் ‘ரியாக்ட்’. ஆங்கிலத்தில் ஆர்-ஈ என்று தொடங்கும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் செட்டருக்கு இது தினசரிப் பண்டம். உங்களுக்கும் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும்.

சி என்ற ஒற்றை எழுத்தும், சி-ஏ என்ற இரட்டையும் வேறு அர்த்தத்திலிருந்து வருகின்றன. லத்தீன் ‘சர்க்கா’, அதாவது ‘சுமார்’. சரித்திரப் புத்தகங்களில் ஒருவர் பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாதபோது ஆண்டுக்கு முன்னால் ஒரு சிறிய சி போட்டு, பக்கத்தில் புள்ளி வைத்திருப்பார்களே, அந்த சி. சிலர் சி-ஏ என்று எழுதுவார்கள். இரண்டும் அகராதியில் இருப்பதால் செட்டருக்கு இரண்டுமே செல்லும்.

“காஸிப் அபௌட் ஹெட்கியர் (4)”: தொப்பியைப் பற்றி வம்பு பேசுவதாகத் தோன்றும். ‘காஸிப்’ பொருள், ‘அபௌட்’ சி, ‘ஹெட்கியர்’ என்பதற்கு ‘ஹேட்’. சி-எச்-ஏ-டி, ‘சாட்’. “டாக் அபௌட் நைன் (6)”: ஒன்பது வயது நாய் என்று கண் படித்துவிடும். சி-ஏ, அதன்பின் ‘நைன்’ அப்படியே. ‘கேனைன்’, நாய்தான். இந்த இரண்டாவது க்ளூவில் கவனிக்க ஒன்று இருக்கிறது. சர்ஃபேஸில் ‘அபௌட்’ ‘சுமார்’ என்ற அர்த்தத்தில் வருகிறது, எழுத்து வேலையிலும் அதே ‘சுமார்’தான். முதல் க்ளூவில் அப்படி இல்லை. மேலே ‘பற்றி’, உள்ளே ‘சுமார்’. இப்படி மேலே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருப்பதற்குச் செட்டருக்கு முழு உரிமை உண்டு. ஆகவே வாக்கியத்தில் அது என்ன அர்த்தத்தில் வந்திருக்கிறது என்பதை வைத்து ஆர்-ஈயா, சியா என்று முடிவு செய்யாதீர்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

ஓ-என், அதாவது ‘ஆன்’, இந்த எழுத்து மாற்றங்களில் நான்காவது. மீன்பிடிப்பதைப் ‘பற்றி’ ஒரு புத்தகம் என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘அபௌட்’டும் போடலாம், ‘ஆன்’னும் போடலாம். எனவே “அபௌட் பார்ட்டிகிள் இன் வெஜிடபிள் (5)” என்றால் ‘ஆன்’னுக்குப் பின் மின்னேற்றம் பெற்ற துகளான ‘அயான்’. விடை ‘ஆனியன்’, வெங்காயம். ஒரு சொல் இன்னொன்றுக்கு நிகராகுமா என்று சந்தேகம் வந்தால் இப்படி ஒரு வாக்கியத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு வாக்கியத்திலாவது அர்த்தம் கெடாமல் நின்றால் போதும், செட்டர் பக்கம் நியாயம் இருக்கிறது. அகராதி பார்க்கவேண்டும் என்றால் சேம்பர்ஸ் அகராதி நல்லது. பிரிட்டிஷ் பாணி புதிர்களில் பலர் அதை ஆதாரமாக வைத்துக்கொள்கிறார்கள். சுருக்கெழுத்துகளுக்கு அது ஒரு சுரங்கம்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது “வொர்ரி அபௌட் அபௌட் (4)”. அச்சுப்பிழை என்றுதான் முதலில் தோன்றும். ‘வொர்ரி’ பொருள், முதல் ‘அபௌட்’ சி-ஏ, இரண்டாவது ஆர்-ஈ. ‘கேர்’. ஒரே சொல்லை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு வெவ்வேறு எழுத்துக் கூட்டத்தை வாங்க முடிகிறது.

அடுத்த வேலை, சுற்றி நிற்பது. ‘கன்டெய்னர்’ என்று சொல்வார்கள். ஒரு சொல் பிளந்து இன்னொன்றை நடுவில் வாங்கிக்கொள்ளும். “ஸாட் அபௌட், வீ பெர்ஸ்பயர் (5)” என்பதைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருந்தோம், வியர்க்கிறது. சென்னையில் மே மாதம் படித்தால் இது புதிர் என்றே தோன்றாது. இங்கே எஸ்-ஏ-டி என்ற ‘ஸாட்’, டபிள்யூ-ஈ என்ற ‘வீ’யைச் சுற்றி நிற்கிறது. எஸ், அப்புறம் டபிள்யூ-ஈ, அப்புறம் ஏ-டி. ‘ஸ்வெட்’. பெர்ஸ்பயர் என்றாலும் அதுதான். நடுவில் இருக்கும் கமா ‘ஸாட் அபௌட்’டைத் தனியாக வெட்டி, ‘அபௌட்’டை முந்தைய சொல்லோடு ஒட்டவைக்கிறது. கமாவை எடுத்துவிட்டால் ‘அபௌட் வீ’ என்று தெரிந்துவிடும். கமாவை மறந்துவிடுங்கள் என்று முன்னால் சொன்னது இதற்குத்தான்.

இந்த வேலையில் ஒரு நிலையான நியதி இருக்கிறது. ‘அபௌட்’டுக்கு அடுத்து வருவது உள்ளே போகும். மற்றது வெளியே நிற்கும். வாக்கியத்தை முன்பின்னாக மாற்றி எழுதினாலும் இது மாறாது. ‘அபௌட்’டுக்கு அடுத்த சொல் ஒன்றிரண்டு எழுத்தாகச் சுருங்கக்கூடியதாக இருந்தால், உதாரணமாக ‘ரைட்’ என்றால் ஆர், ‘ஸ்மால்’ என்றால் எஸ், ‘ஹாட்’ என்றால் எச் என்று வந்தால், கன்டெய்னராக இருக்கும் வாய்ப்பு அதிகம். இன்னொரு சொல்லின் வயிற்றுக்குள் சிறியது சுலபமாக நுழையும்.

பின்னாலிருந்து படிப்பது மூன்றாவது வேலை. பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘அபௌட் டர்ன்’ என்று சத்தம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கு பார்த்தவன் தெற்கு பார்ப்பான். சொல்லும் அப்படியே திரும்பி நிற்கும். “கிவ் அவுட் அபௌட் டைம் (4)”: ‘டைம்’ திரும்பினால் ஈ-எம்-ஐ-டி, ‘எமிட்’. ‘கிவ் அவுட்’ என்பதும் அதே. ‘அபௌட் டைம்’ என்ற ஜோடி க்ளூவில் வந்து விடை நான்கெழுத்தாகவும் இருந்தால் ‘எமிட்’டை முதலில் எழுதிப் பார்ப்பது பழைய ஆட்களின் வழக்கம்.

சொல்லைத் திருப்புவதற்குச் செட்டரிடம் வேறு சொற்களும் இருக்கின்றன. குறுக்கே போகும் க்ளூவில் ‘பேக்’ என்பார்கள், கீழ்நோக்கிப் போகும் க்ளூவில் ‘அப்’, ‘ரைசிங்’ என்பார்கள். எழுத்துகள் மேலிருந்து கீழே இறங்கும்போது திருப்புவது என்றால் கீழிருந்து மேலே ஏறுவதுதானே. ‘அபௌட்’டுக்கு இந்தத் திசைச் சிக்கல் கிடையாது. குறுக்கே, கீழே இரண்டுக்கும் பொருந்தும். அதனால்தான் இது இவ்வளவு தாராளமாகக் கண்ணில் படுகிறது.

இதில் ஒரு நியாய அநியாயப் பிரச்சினையும் உண்டு, கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியது. “கேம் அபௌட் விப் (4)” என்று ஒரு க்ளூ எழுதினால் என்ன ஆகும்? ‘கேம்’ என்பதற்கு ‘கோல்ஃப்’. அதைத் திருப்பினால் எஃப்-எல்-ஓ-ஜி, ‘ஃப்ளாக்’, சவுக்கால் அடிப்பது, அதாவது ‘விப்’. பிரமாதம். ஆனால் ‘அபௌட் விப்’ என்று எடுத்துக்கொண்டு ‘ஃப்ளாக்’கைத் திருப்பி ‘கோல்ஃப்’ என்றும் எழுதலாம். இரண்டும் நூறு சதவீதம் சரி. கட்டத்தில் எந்த விடையை எழுதுவது என்று க்ளூ சொல்லவில்லை. குறுக்கே வெட்டும் ஒரு எழுத்து கிடைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இந்த இரண்டு சொற்களிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து எங்குமே வராது என்பதால் ஒன்று கிடைத்தாலே தீர்ந்துவிடும் என்பது ஒரு ஆறுதல். நல்ல செட்டர் இதை “கேம் அபௌட் டு விப் (4)” என்று எழுதுவார். ‘டு விப்’ தனியாக நின்று பொருளாகிவிடுகிறது. ‘கேம் அபௌட்’ ஒரு கட்டாகிறது. விடை ‘ஃப்ளாக்’ ஒன்றே. வாக்கியமும் முன்னைவிட இயல்பாக இருக்கிறது. இரண்டெழுத்துச் சொல் ஒன்று சேர்ந்ததும் க்ளூ நேர்மையாகிவிட்டது.

இந்த நேர்மையைப் பற்றி நிறைய யோசித்தவர் ‘ஷிமினிஸ்’ என்ற புனைபெயரில் ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழுக்குப் புதிர் எழுதிய டெரிக் சாமர்செட் மக்நட். 1939-இல் தொடங்கி 1971-இல் இறக்கும்வரை எழுதினார். க்ளூவில் ஒரு துல்லியமான பொருள், அதே விடைக்கு நியாயமான ஒரு எழுத்து வழி, இவற்றைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது என்பது அவருடைய கட்சி. அவருக்கும் முன்னால் ‘ஆஃப்ரிட்’ என்ற பெயரில் எழுதிய ரிச்சி என்பவர் இதே கருத்தை வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்: செட்டர் சொல்வதைத்தான் அர்த்தப்படுத்தவேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் அவர் அர்த்தப்படுத்துவதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஒரு க்ளூவோடு மல்லுக்கட்டும்போது இதை நினைத்துக்கொண்டால் தைரியம் வரும். ஏமாற்று எவ்வளவு இருந்தாலும் வழி அந்தச் சொற்களிலேயே இருக்கிறது.

‘அப்சர்வர்’ பத்திரிகையைச் சொன்னதால் ஒரு கிளைக்கதை. அங்கே முதலில் எழுதிய எட்வர்ட் பவிஸ் மேதர்ஸ் தன் பெயரை ‘டார்கெமாடா’ என்று வைத்துக்கொண்டார். அடுத்து வந்தவர் ‘ஷிமினிஸ்’. இரண்டுமே ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திய தலைவர்களின் பெயர்கள். புதிர் போடுகிறவர்களைச் சித்திரவதை செய்கிறோம் என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டார்கள். 1972-இல் அந்த இடத்துக்கு வந்த ஜோனதன் க்ரவுதர், இன்னொரு விசாரணைத் தலைவரான ‘தேசா’வின் பெயரை எடுத்து, டி-ஈ-இசட்-ஏ என்பதைத் திருப்பி ஏ-இசட்-ஈ-டி என்று ஆக்கிக்கொண்டார். ‘அஸெட்’ என்ற அந்தப் பெயரே ஒரு ‘அபௌட்’ போட்ட பெயர்தான்.

நான்காவது வேலை, எழுத்துகளைக் கலைத்துப் போடுவது, அனக்ரம். இங்கே ‘அபௌட்’ தனியாக வருவது குறைவு. ‘த்ரோன் அபௌட்’, ‘மெஸ்ஸிங் அபௌட்’, ‘டாஸ்ட் அபௌட்’ என்று ஒரு துணையோடு வரும். “ஸ்டோன் த்ரோன் அபௌட் அட் ஸ்டார்ட் (5)”: ஆரம்பத்திலேயே கல்லெறி. எஸ்-டி-ஓ-என்-ஈ என்ற ‘ஸ்டோன்’ எழுத்துகளைக் கலைத்தால் ‘ஆன்செட்’, தொடக்கம். இங்கே ‘த்ரோன் அபௌட்’டைப் பிரிக்கக்கூடாது, சேர்ந்துதான் ஒரு வேலை. சில செட்டர்கள் ‘அபௌட்’டைத் தனியாகவே அனக்ரத்துக்கு வைப்பதும் உண்டு. ‘அங்கும் இங்கும்’ என்று அதற்கு ஒரு பொருள் இருப்பதால் தவறு என்று சொல்லமுடியாது. எனக்கு அது பிடிப்பதில்லை. ஏற்கெனவே இத்தனை வேலை செய்யும் ஒரு சொல்லின் தலையில், துணைக்கு ஆளில்லாமல் இதையும் ஏற்றினால் போடுகிறவருக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

இத்தனைக்கும் நடுவில் ‘அபௌட்’ நேரடிப் பொருளாகவே வரும் என்பதை மறந்துவிடுவோம். தந்திரம் தேடிப் பழகிய கண்ணுக்கு இதுதான் கடைசியாகத் தெரியும். “அபௌட் எ பிரிசன் (5)” என்றால் ஆர்-ஈயும் சியும் போட்டு மாய்ந்துபோவோம். ‘எ’ என்பது ஏ. ‘பிரிசன்’ என்பதற்குப் பழைய கொச்சையில் எஸ்-டி-ஐ-ஆர், ‘ஸ்டர்’. சேர்த்தால் ‘அஸ்டர்’, எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிற என்று பொருள். ‘அவுட் அண்ட் அபௌட்’ என்று சொல்லும்போது வரும் அந்த ‘அபௌட்’. ஜெயிலுக்கு ‘ஸ்டர்’ என்று இன்று தெருவில் யாரும் சொல்வதில்லை, ஆனால் குறுக்கெழுத்தில் அது சாகாது, பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

‘அபௌட்’ விடையாகவும் வரலாம். “கன்சர்னிங் எ ஃபைட் (5)”. ஏ, அதன்பின் குத்துச்சண்டைப் போட்டியான ‘பௌட்’. அவ்வளவுதான், ‘அபௌட்’. நிகர்ச் சொல்லும் எழுத்துப் பிரிப்பும் ஒன்றோடொன்று இப்படி அளவெடுத்தாற்போல் பொருந்தும் சொற்கள் அதிகம் இல்லை.

‘ஜஸ்ட் அபௌட்’ என்று சேர்ந்து வந்தால் ஜாக்கிரதை. ‘கிட்டத்தட்ட’ என்ற பொருளில், முந்தைய அல்லது பிந்தைய சொல்லின் கடைசி எழுத்தை வெட்டச் சொல்வதாக இருக்கலாம். ‘பிளானெட்’ கிட்டத்தட்ட வந்தால் கடைசி டி போய் ‘பிளேன்’. ‘அபௌட் ஹாஃப்’ என்றால் ஒரு சொல்லில் ஏறக்குறையப் பாதி எழுத்து.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இத்தனையில் எதை முதலில் பார்ப்பது? க்ளூ ‘அபௌட்’டில் தொடங்கினால், விடை ஆர்-ஈ, சி-ஏ, சி, ஓ-என் இவற்றில் ஒன்றோடு தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ‘அபௌட்’தான் நேரடிப் பொருளா என்று பாருங்கள். நடுவில் வந்தால் முதலில் கன்டெய்னர், அடுத்து எழுத்து, அப்புறம் திருப்பல். கடைசிச் சொல்லாக வந்தால் முன்னால் இருப்பதைத் திருப்பிப் படியுங்கள், அல்லது விடை ஆர்-ஈயில் முடிகிறதா என்று கவனியுங்கள். இது இரும்பு விதி அல்ல, தேடும் வரிசை. எட்டு வழியையும் கண்டபடி தேடுவதைவிட இந்த வரிசையில் போனால் சீக்கிரம் கை கூடும்.

ஒரு க்ளூவை முழுதாகப் பிரித்துக் காட்டுகிறேன். “அபௌட் ஸ்ட்ரிங், ஓல்டு குவீன்ஸ் இன்ஸ்ட்ருமென்ட் (8)”. படித்ததும் மனம் நரம்புக் கருவிக்குப் போய்விடும். யாரோ ஒரு பழைய ராணி, அவருடைய வாத்தியம், அதன் தந்தி. செட்டர் எதிர்பார்ப்பது அதைத்தான். கடைசியில் இருக்கும் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ பொருளாக இருக்கலாம். எட்டெழுத்தில் வாத்தியம் என்றால் ‘மாண்டலின்’ உண்டு, ‘கிளாரினெட்’ உண்டு, ‘ட்ரோம்போன்’ உண்டு. கிளாரினெட் சியில் தொடங்குவதால் ஆசை காட்டும். ஆனால் மீதி எழுத்துகளுக்குக் கணக்கு வருவதில்லை, விட்டுவிடுங்கள். ஓல்டு குவீன் என்றால் யார்? எலிசபெத் ராணி உயிரோடு இருந்தவரை வெறும் ‘குவீன்’ என்று எழுதினாலே ஈ-ஆர் கிடைத்துவிடும், அவருடைய அரச முத்திரை எழுத்து அது. 2022 செப்டம்பரில் அவர் மறைந்தபின் கவனமான செட்டர்கள் ‘ஓல்டு’, ‘லேட்’ என்று முன்னால் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆக ஈ-ஆர் கடைசி இரண்டு எழுத்து. மீதி ஆறு. ‘அபௌட்’ முதலில் நிற்பதால் ஆர்-ஈ போட்டுப் பார்த்தால் மீதி நான்கு. ‘ஸ்ட்ரிங்’ என்பதற்கு நான்கெழுத்தில் என்ன? ‘கார்டு’, சி-ஓ-ஆர்-டி. ஆர்-ஈ, கார்டு, ஈ-ஆர். ‘ரெக்கார்டர்’. பள்ளிக்கூடங்களில் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் ஊதுகுழல். தந்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே முடிச்சை அவிழ்த்தது எழுத்துக் கணக்கு. எட்டில் ராணிக்கு இரண்டு போக ஆறு, அதில் ‘அபௌட்’டுக்கு ஒன்று போனால் ஐந்து, இரண்டு போனால் நான்கு என்று கழித்துக்கொண்டே வந்தால் தேடவேண்டிய சொல்லின் நீளம் தெரிந்துவிடுகிறது.

கிரிப்டிக் அல்லாத சாதாரணக் கட்டங்களில் இந்த வித்தை எதுவும் தேவையில்லை. ‘அபௌட்’ என்று மட்டும் இருக்கும், நிகர்ச் சொல் எழுதவேண்டும். எழுத்து எண்ணிக்கைதான் வழிகாட்டி. ஐந்து என்றால் ‘சர்க்கா’ அல்லது ‘அஸ்டர்’. ஏழு என்றால் ‘ரஃப்லி’. ஒன்பது என்றால் ‘ரிகார்டிங்’, பத்து என்றால் ‘கன்சர்னிங்’, பதின்மூன்று என்றால் ‘அப்ராக்ஸிமேட்லி’. ஆறுதான் தொல்லை: ‘அரௌண்ட்’, ‘நியர்லி’, ‘ஆல்மோஸ்ட்’ மூன்றும் பொருந்தும். வெட்டும் எழுத்து ஒன்று கிடைக்காமல் பேனாவால் எழுதவேண்டாம்.

அமெரிக்கக் குறுக்கெழுத்து இன்னொரு ஊர். ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையில் முதல் புதிரை வெளியிட்டது அங்கேதான். ஆனால் கிரிப்டிக் பாணி வளர்ந்தது பிரிட்டனில். சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’வின் குறுக்கெழுத்து பிரிட்டிஷ் வழியில் போவது. அமெரிக்கக் கட்டத்தில் எல்லா எழுத்தும் குறுக்கேயும் கீழேயும் வெட்டும். பிரிட்டிஷ் கிரிப்டிக் கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒன்றுதான் வெட்டும். எல்லா எழுத்தும் இரண்டு திசையிலும் சொல்லாக வேண்டும் என்றால் கட்டம் அமைப்பவருக்கு உயிரெழுத்து மிகுந்த குட்டிச் சொற்கள் ஏராளமாக வேண்டும். அந்தத் தேவைதான் பேச்சில் அரிதாகிவிட்ட சில சொற்களை அங்கே வாழவைக்கிறது. ‘அபௌட்’ என்ற க்ளூவுக்கு ஐந்தெழுத்தில் ‘அனெண்ட்’ என்று வரும். ஸ்காட்லாந்து வழக்கில் தவிர இன்று பேச்சில் கேட்பதே அரிது. நான்கெழுத்தில் ‘இன் ரே’, ‘ஆஸ் டு’, ‘ஆர் ஸோ’, ‘சம்’. இரண்டு சொல்லாக இருந்தாலும் இடைவெளி இல்லாமல் எழுதவேண்டும், இரண்டு சொல் என்று க்ளூ சொல்லவும் சொல்லாது. விடை குறைந்தது மூன்றெழுத்து இருக்கவேண்டும் என்பதால் ஆர்-ஈ தனியாக வரமுடியாது, ‘இன் ரே’யாகத்தான் வரும். ‘நியூயார்க் டைம்ஸ்’ புதிரில் நான்கு கட்டமும் ‘அபௌட்’ என்ற க்ளூவும் பார்த்தால், ‘இன் ரே’வில் வரும் ஐ, ‘ஆஸ் டு’வில் வரும் ஏ, ‘ஆர் ஸோ’வில் வரும் ஓ, ‘சம்’மில் வரும் எஸ் இவற்றில் எது முதல் கட்டத்தில் விழுகிறது என்று குறுக்குச் சொல்லைப் பார்த்தாலே போதும். நான்குமே வெவ்வேறு எழுத்தில் தொடங்குகின்றன.

பழகிக்கொள்ள மூன்று க்ளூ தருகிறேன். மூன்றிலும் ‘அபௌட்’ வெவ்வேறு வேலை பார்க்கிறது. விடையைப் படிக்கும் முன் போட்டுப் பாருங்கள்.

“அக்கௌண்ட் அபௌட் ஹார்பர் (6)”

“பெட் அபௌட் எ ஸ்மால் ஷோர் (5)”

“வைல்டு அனிமல் ரன் அபௌட் (4)”

முதலாவதில் ‘அபௌட்’ ஆர்-ஈ, ‘ஹார்பர்’ என்பதற்கு ‘போர்ட்’, விடை ‘ரிப்போர்ட்’. இரண்டாவதில் ‘பெட்’ என்பதற்கு ‘காட்’. அது ஏ-யையும் ‘ஸ்மால்’ தரும் எஸ்ஸையும் சுற்றி நிற்கிறது, சி-ஓ, ஏ-எஸ், டி, ‘கோஸ்ட்’, கடற்கரை. மூன்றாவதில் தண்ணீர் ஓடுவதைச் சொல்லும் ‘ஃப்ளோ’தான் ‘ரன்’. கடைசியில் நிற்கும் ‘அபௌட்’ அதைத் திருப்புகிறது, டபிள்யூ-ஓ-எல்-எஃப், ‘வுல்ஃப்’.